பொதுப் பட்டறையும் சொந்த வண்டியும்

இக்காலத்தில் மோட்டார் வண்டியைச் செல்வர்க்கே உரிய பொருள் என்று கூறுதற்கில்லை. நாஞ்சில் நாட்டின் சிற்றூர்களிலும் ஆசிரியர், வணிகர், உழவர், வெளிநாடு சென்று பொருளீட்டி வந்தோர் ஆகிய பலருடைய வீட்டு முற்றங்களில் இன்று கார் நிற்கக் காண்கிறோம். அதனைச் செலுத்த அறிந்தோர் தொகையும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. ஆனால், அதன் முன்மூடியைத் திறந்து உள்ளே இருப்பன இவையிவை என்று கூறவல்லார் மிகச் சிலரே. வெப்ப யந்திரத்தின் தத்துவத்தைத் தேர்வுத்தாளில் நான்கு பக்கம் எழுதி முதல் வகுப்பில் தேறிய மாணவரும், நடுவழியில் சக்கரம் ஒன்று காற்றிழந்துவிட்டால் பிறர் உதவியை எதிர்நோக்கிக் கைகட்டி நிற்கின்றனர். கற்ற கல்விக்கும் கைத்தொழிலுக்கும் இடையே நம்மிடத்து நேர்ந்துள்ள இப்பிரிவினை நன்மை தருவதன்று. ஒருவன் தன் வண்டியின் சிறு பழுதுகளைத் தானே நீக்கிக்கொள்ளுதற்குப் பலர் கூடிப் பயன்படுத்தும் பொதுப் பட்டறை எங்ஙனம் துணைபுரியும் என்பதையும், அங்கே செய்யத்தக்கன எவை, செய்யத்தகாதன எவை என்பதையும் இக்கட்டுரையில் ஒருவாறு விளக்கப் புகுகின்றேன்.

இவ்விஷயத்தில் எனக்குக் கருத்துச் சென்றது ஓர் அநுபவத்தினாலாகும். சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில், எங்கள் குடும்பத்துப் பழைய அம்பாஸடர் காரில் திருநெல்வேலியினின்று நாகர்கோவிலுக்கு வந்துகொண்டிருந்தேன். முப்பந்தலைக் கடந்து ஆரல்வாய்மொழியை நெருங்குகையில் முன்மூடியின் இடுக்குகளினின்று நீராவி எழுந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கை நீட்டினேன். அவ்வமயம் பின்னே வந்து நின்ற லாரியின் ஓட்டுநர், "தம்பி, மூடியிலே கை வைக்காதீங்க, வெந்நீர் முகத்திலே அடிக்கும்" என்று கூவித் தடுத்தார். அரைமணி நேரத்திற்கு மேல் ஆறவிட்டு, தடித்த துணியைச் சுற்றி மூடியை மெல்லத் தளர்த்தினார். விசிறியைச் சுழற்றும் வார் தளர்ந்து நழுவியிருப்பதை எனக்குக் காட்டினார். ஒரே ஒரு ஸ்பேனரைக் கொண்டு ஒரு போல்ட்டை நெகிழ்த்தி, வாரை இழுத்துப் பிடித்து, மீண்டும் முறுக்கி, குறைந்த நீரை வார்த்து எங்களை அனுப்பிவைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றேன். ரேடியேட்டர் முழுவதையும் மாற்றியே தீரவேண்டும் என்று அங்கே கூறினர். அவர்கள் கூறியது மெய்யாகவும் இருந்திருக்கலாம், அன்றாயினும் இருந்திருக்கலாம். அதனை நம்புதற்கும் எனக்கு அறிவில்லை, ஐயுறுதற்கும் அறிவில்லை. கேட்ட தொகையைக் கொடுத்துத் திரும்பினேன். பணம் போயிற்றே என்னும் வருத்தத்தினும், ஒன்றும் அறியாமல் தலையசைத்து வந்தேன் என்னும் நாணமே எனக்குப் பெரிதாயிற்று. நிற்க.

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை நோக்குவோமாயின், பழுது பார்த்தலும் வண்டியோடு உடன்பிறந்ததே என்பது விளங்கும். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனியில், கார்ல் பென்ஸ் என்பாரின் மனைவியாகிய பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர்க்குத் தெரிவியாமல், தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கணவர் இயற்றிய மூன்று சக்கர வண்டியில் மான்ஹைம் நகரினின்று போர்ட்ஸ்ஹைம் நகரிலுள்ள தம் தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவுள்ள அப்பிரயாணமே உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பயணமாகக் கருதப்படுகிறது. வழியில் எரிபொருட்குழாய் அடைத்துக்கொண்டது. அம்மையார் தம் தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. தம் காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார். சங்கிலி பழுதுற்றபோது ஒரு கொல்லர் செப்பனிட்டார். மரத்தாலான பிரேக்கு தேய்ந்தபோது, செம்மாரொருவரைக்கொண்டு அதன்மேல் தோல் தைப்பித்தார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றிக்கொண்டார். தன்னால் இயன்றதைத் தானே செய்தல், இயலாததற்குத் தொழில் வல்லாரை நாடுதல் என்னும் இரண்டும் அப்பயணத்தில் ஒருங்கே அமைந்திருத்தலைக் காண்க. இக்கட்டுரையின் கருத்து முழுவதும் அதனுள் அடங்கும்.

நம் நாட்டிலும் இவ்வழக்கம் புதியதன்று. உழவு தொடங்குமுன் உழவர் தம் கொழுவையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு ஊர்க் கொல்லருடைய உலைக்களத்துக்குச் செல்வர். கரி கொண்டு வருவாரும், துருத்தி ஊதுவாரும், சம்மட்டி பிடிப்பாரும் பெரும்பாலும் கருவிக்கு உடையவரே ஆவர். இரும்பு எந்நிறத்தில் காயவேண்டும், எப்போது நீரில் தோய்க்கவேண்டும் என்பவற்றைக் கொல்லர் கூறுவார். உடன் நின்றவர் கண்டு தெரிந்துகொள்வர். கருவி ஊருக்குப் பொது, அறிவு கொல்லருடையது, உழைப்பு இருவருடையது. பொதுப் பட்டறை என்று இக்காலத்தார் கூறுவது இவ்வுலைக்களத்தின் விரிவே எனலாம்.

தமிழ்நாட்டில் மோட்டார் யந்திரத்தைப் பள்ளியிற் கல்லாது கையினாற் பிரித்துக் கற்றவர்களுள் தலைசிறந்தவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் ஆவர். 1893-ஆம் ஆண்டு பிறந்த அவர், ஓர் ஆங்கில அதிகாரி ஏறிவந்த மோட்டார்ச் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவுவிடுதியில் பரிமாறும் வேலை செய்து பொருள் சேர்த்து, அத்தகைய வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றுதலோடு அமையாமல், அதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றி மீண்டும் பூட்டி, அதன் இயல்பை அறிந்துகொண்டார். 1920-இல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அத்தொழிலே பின்னர் பெரிய போக்குவரத்து நிலையமாக வளர்ந்தது. 1945-இல் கோயம்புத்தூரில் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்றுதற்கும் அவர் காரணராயினார். ஒரு வண்டியைக் கழற்றிப் பார்த்த ஆர்வம், இறுதியில் பலர்க்குத் தொழிற்கல்வி அளிக்கும் நிலையமாக முடிந்தமை நாம் கருதத்தக்கது.

நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த நாளில், 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 20-ஆம் நாள், அவ்வரசின் போக்குவரத்துத் துறை தன் பஸ்களை ஓட்டத் தொடங்கிற்று. லண்டன் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய ஸால்ட்டர் என்பவர் அதன் தலைவராக வந்திருந்தார். அடிச்சட்டங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஆயினும் அவற்றின்மீது உடல்களைக் கட்டியவர்கள் அத்துறைத் தொழிலாளரே. அயல்நாட்டு யந்திரம் எதுவும் உள்ளூர்ப் பட்டறை ஒன்றின்றி நெடுநாள் ஓடாது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

இனி, பிற நாடுகளில் இம்முறை எவ்வாறு நடைபெறுகின்றது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டு விற்பனையான போர்டு டி வகை வண்டி, குடியானவர் தாமே பழுது பார்த்துக்கொள்ளத் தக்கவாறு எளிய அமைப்புடையதாய் இருந்தது. பின்னர் யந்திரங்கள் சிக்கல் மிகுந்தன; வண்டியை உயர்த்தும் பெரிய சாதனங்களும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டியதாயிற்று. அவற்றைத் தனியொருவர் வாங்கி வைத்தல் இயலாமையின், ஜெர்மனியில் தன்னுதவிப் பட்டறைகள் தோன்றின. அங்கே வண்டி உயர்த்தும் லிப்டு ஒன்றை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஸ்பேனர் முதலிய கருவிகளும் கிடைக்கும். தேர்ந்த மெக்கானிக் ஒருவர் உடனிருந்து, ஐயம் வினவுவார்க்கு விடை கூறுவார். அமெரிக்கப் படைமுகாம்கள் பலவற்றிலும் போர்வீரரும் அவர் குடும்பத்தாரும் தம் கார்களைத் தாமே செப்பனிட்டுக்கொள்ளுதற்கான பொதுப் பட்டறைகள் உண்டு. 2009-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டினே போஸ்ட்மா என்னும் அம்மையார் தொடங்கிய பழுது பார்க்கும் கூட்டங்கள் விளக்கு, வானொலி, உடை முதலிய வீட்டுப் பொருள்களைப் பற்றியன. ஆயினும் அவற்றின் விதியும் இதுவே. பொருளைக் கொடுத்துவிட்டுப் போதல் கூடாது. உடையவர் உடனமர்ந்து கைகொடுத்தல் வேண்டும்.

இத்தொழில் ஆடவர்க்கே உரியது என்று எண்ணுவாரும் உளர். பெர்த்தா அம்மையாரை மேலே கண்டோம். 1945-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப்போரின் இறுதியில், பின்னாளில் இங்கிலாந்தின் அரசியாராக விளங்கிய எலிசபெத் இளவரசியார் பெண்கள் துணைப்படையில் சேர்ந்து, லாரி ஓட்டவும் சக்கரம் மாற்றவும் எஞ்சினைப் பேணவும் பயின்றார். அரச குடும்பத்தார் கையில் கிரீஸ் படிந்தமையால் அவர்தம் பெருமை குன்றிற்றில்லை.

பொதுப் பட்டறையின் உட்புறம் எங்ஙனம் அமைதல் வேண்டும்? சமதளமான சிமெண்டுத் தரை, இரண்டு மூன்று வண்டிகள் நிற்கும் இடம், காற்றோட்டம், நல்ல வெளிச்சம், வண்டியை உயர்த்தும் லிப்டு ஒன்று, இயலாவிடில் வலிய ஜாக்கிகளும் இரும்புத் தாங்கிகளும், சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவம் வரையப்பட்ட இடம். இவ்வடிவம் வரைதல் சிறு செய்தியாகத் தோன்றினும் பெரும்பயன் உடையது. மாலையில் எந்த இடம் வெறுமையாக இருக்கிறதோ அக்கருவி திரும்பவில்லை என்பது ஒரே பார்வையில் விளங்கும். எஞ்சினுள் மறந்து வைத்த ஸ்பேனரும் அதனால் அகப்படும். இவற்றோடு, இக்கால வண்டிகளின் மின்னணு மூளையோடு பேசும் கருவி ஒன்றும் வேண்டும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் யாவற்றிலும் ஒரே வகையான இணைப்புவாய் அமைக்கப்பட்டது. அதே வகையான வாய் நம் நாட்டுப் புதிய கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கக் காணலாம். அதில் இக்கருவியைச் செருகினால், எப்பகுதியில் குறை தோன்றியது என்பதனை ஓர் எண்ணால் அறிவிக்கும். ஆயினும் அவ்வெண் ஐயத்திற்கு இடமான பகுதியைச் சுட்டுமேயன்றி, மாற்றவேண்டிய உறுப்பு இதுவே என்று தீர்ப்புக் கூறாது. மருத்துவர்க்கு வெப்பமானி எவ்வாறோ, மெக்கானிக்குக்கு அஃது அவ்வாறே.

புதிதாகப் பயில்வோர் செய்யத்தக்க வேலைகள் சிலவற்றை இங்கே கூறுகின்றேன். முதலாவது, சக்கரம் மாற்றுதலும் காற்றழுத்தம் பார்த்தலும் ஆம். வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் நட்டுகளைச் சிறிது நெகிழ்த்திக்கொள்ள வேண்டும். உயர்த்தியபின் நெகிழ்த்தப் புகுந்தால் சக்கரம் சுழலும், வண்டியும் ஆடும். எதிர்ப்பக்கத்துச் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, கைந்நூலில் காட்டிய இடத்தில் மட்டும் ஜாக்கியை வைத்தல் வேண்டும். ஸ்டெப்னியைப் பூட்டுகையில் நட்டுகளை வட்டமாக வரிசையில் முறுக்காமல், ஒன்றுக்கு எதிரான மற்றொன்றாக மாறி மாறி முறுக்கினால் சக்கரம் கோணாமல் அமரும். இறுதி முறுக்கு வண்டியை இறக்கிய பின்னரே. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது அளத்தல் முறை; ஓடிச் சூடேறியபின் அழுத்தம் மிகுத்துக் காட்டும். குறைந்த காற்றோடு நெடுந்தூரம் ஓடும் டயரின் பக்கங்கள் ஓயாமல் மடங்கி நிமிர்வதால் வெம்மை பெருகி, வெயில் நாளில் வெடித்தலும் கூடும்.

இரண்டாவது, எஞ்சின் எண்ணெய் மாற்றுதல். உலோகம் உலோகத்தோடு உராயாதபடி மெல்லிய படலமாய் நின்று காப்பது இவ்வெண்ணெய். புகைக்கரியும் நுண்துகளும் சேர்ந்து நாளடைவில் அது தன் வலியை இழக்கும். வண்டி சிறிது ஓடி, எண்ணெய் இளஞ்சூடாய் இருக்கும்போது அடித்திருகைக் கழற்றினால் கசடும் உடன் இறங்கும். பழைய வடிகட்டியை நீக்கிப் புதியதைப் பூட்டுமுன், அதன் ரப்பர் வளையத்தில் புது எண்ணெய் தடவுதல் வேண்டும். உலர்ந்த வளையம் முறுக்கும்போது சுருங்கி ஒழுக்கு உண்டாக்கும். அளவுகோலில் இரண்டு குறிகளுக்கு இடையே எண்ணெய் நிற்றல் வேண்டும். மிகுதியாக ஊற்றுதலும் குறைவாக ஊற்றுதல் போலவே தீங்கு தரும்.

மூன்றாவது, பாட்டரியைப் பேணுதல். அதன் முனைகளில் வெண்மையாகவும் பசுமையாகவும் பூக்கும் படிவை, ஆப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, வாசலின் பூசினால் மின்னோட்டம் தடையின்றிச் செல்லும். கழற்றும்போது எதிர்முனையை முதலிற் கழற்றுக; பூட்டும்போது அதனை இறுதியிற் பூட்டுக. வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருத்தலால், நேர்முனையில் வைத்த ஸ்பேனர் தவறி உடலிற் படுமாயின் பெருந்தீப்பொறி எழும். பாட்டரியினின்று வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு எளிதில் தீப்பற்றுவது என்பதை இரசாயன மாணவர்க்கு யான் கூறவேண்டுவதில்லை.

நான்காவது, காற்று வடிகட்டியையும் பிளக்குகளையும் பார்த்தல். பெட்ரோல் எஞ்சினின் பிளக்கு அதன் உள்நிலையை உரைக்கும் கண்ணாடியாகும். முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் செவ்வையாக நடைபெறுகிறது. வறண்ட கரி படிந்திருந்தால் காற்றினும் எரிபொருள் மிகுந்தது. அல்லது காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டது. எண்ணெய் ஈரம் இருந்தால் எஞ்சினுள் எண்ணெய் ஏறுகிறது. அஃது பெரிய வேலைக்கு அறிகுறி.

ஐந்தாவது, கடற்கரையிலும் அதனை அடுத்தும் வாழும் நமக்குச் சிறப்பாக உரியது. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி முதலிய இடங்களில் வீசும் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். ஈரத்தில் கரைந்த உப்பு மின்னோட்டத்திற்கு வழியாகி, துருவேறும் வினையை முடுக்குகிறது. நம் நாட்டுக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆதலின் வண்டியின் மேற்புறத்தைப் பளபளக்கத் துடைத்தலினும், லிப்டில் உயர்த்தி அடிப்புறத்தை நன்னீரால் கழுவி, வண்ணம் பெயர்ந்த இடங்களுக்குத் துருக்காப்புப் பூசுதல் முதன்மையான வேலை. வீட்டு முற்றத்தில் இதனைச் செவ்வையாகச் செய்தல் அரிது. பொதுப் பட்டறையில் எளிது.

இனி அபாயங்களைக் கூறுவேன். இப்பகுதியை வாசகர் விரைந்து கடந்து செல்லாதிருக்க வேண்டுகிறேன். ஜாக்கி வண்டியைத் தூக்குதற்கு உரியதேயன்றித் தாங்குதற்கு உரியதன்று. அதனுள் எண்ணெயை அடக்கி நிற்கும் சிறு வளையம் நழுவினால் வண்டி ஒரு நொடியில் இறங்கிவிடும். ஆதலால் இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை இருத்தி, அசைத்துப் பார்த்த பின்னரன்றி எவரும் அதன் கீழே உடம்பை நுழைத்தல் ஆகாது. செங்கல்லையும் ஓட்டுக்கல்லையும் அடுக்கித் தாங்கலாகக் கொள்வாரும் உளர். அவை பாரத்தால் திடீரெனப் பொடிந்துவிடும். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடுதல் மற்றொரு பேராபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. தலைசுற்றல் உணரப்படும்போதே காலங்கடந்திருக்கும். கொதிக்கும் ரேடியேட்டரைப் பற்றி ஆரல்வாய்மொழியில் யான் பெற்ற பாடத்தை முன்னரே உரைத்தேன். உள்ளே அழுத்தம் மிகுந்திருத்தலால் நீர் நூறு பாகைக்கு மேற்பட்டும் கொதியாது நிற்கும். மூடி திறந்தவுடன் அழுத்தம் குறைய, அவ்வளவும் ஒருங்கே ஆவியாகிப் பாயும்.

பிரேக்கைக் குறித்துத் தனியே கூறவேண்டும். அதன் தேய்வை அளந்தறிதல் பயில்வோர்க்கு ஏற்றது; அதனை மாற்றுதல் வல்லுநர் அருகில் நின்று ஒவ்வொரு படியையும் சரிபார்க்கும்போது மட்டுமே செய்யத்தக்கது. பிரேக் ஆயில் என்று வழங்கும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 என்னும் வகை, புதியதாய் இருக்கையில் 205 பாகை சென்டிகிரேடுக்குக் குறையாமல் கொதித்தல் வேண்டும் என்பது விதி. ஈரமேறிய நிலையில் அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். மலைப்பாதையில் இறங்குங்கால் இடைவிடாது பிரேக்கை மிதிப்பதனால் வெம்மை ஏறி, அத்திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றுமாயின், மிதியானது காற்றை மிதித்தாற்போல் தரைவரை இறங்கும், வண்டியோ நில்லாது. சமவெளியில் நன்றாக நின்ற வண்டி மலையில் கைவிடுவது இக்காரணத்தாலாகும். எனவே பிரேக்கில் தவறு செய்தவன் தன்னுயிரை மட்டுமன்று, எதிரே பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் உயிரையும் பணயம் வைக்கிறான். காற்றுப்பை, ஸ்டீயரிங்கின் உள்ளமைப்பு, மின்சாரக் கார்களிலும் கலப்பின வண்டிகளிலும் உள்ள உயர்மின்னழுத்தப் பாட்டரி ஆகியவற்றைப் பயில்வோர் தொடுதலே கூடாது. இஃது அச்சத்தால் விதித்த தடையன்று. தன் எல்லையை அறிதலும் தொழிலறிவின் ஒரு பகுதியே.

முறுக்கின் அளவு என்பதும் கற்றுக்கொள்ளத்தக்க ஒன்று. வலிமை உள்ளமட்டும் இறுக்குதலே நன்று என்பது பலர் கருத்து. போல்ட்டு என்பது ஒருவகை வில். அளவாக இழுக்கப்பட்ட நிலையில்தான் அது பற்றிக்கொள்ளும். மிகுதியாக இறுக்கினால் மரை அழியும், அல்லது போல்ட்டு முறியும். குறைவாக இறுக்கினால் ஓட்டத்தின் அதிர்ச்சியில் கழலும். குறித்த அளவு எய்தியவுடன் ஒலியெழுப்பி உணர்த்தும் ஸ்பேனர் உண்டு. ஆண்டில் இரண்டொரு முறையே வேண்டப்படும் அதனை வீடுதோறும் வாங்கிவைத்தல் வீண்செலவு. ஐம்பது குடும்பத்தார்க்கு ஒன்று போதும். பொதுப் பட்டறையின் சிக்கனம் இதில்தான் அமைந்துள்ளது.

கழிவு எண்ணெயைப் பற்றி நாஞ்சில் நாட்டார்க்கு விசேஷமாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். வீட்டில் எண்ணெய் மாற்றுவோர் பழைய எண்ணெயை ஓடையில் ஊற்றிவிடுதல் உண்டு. ஓடைநீர் குளத்திலும் வாய்க்காலிலும் சேரும். பேச்சிப்பாறை அணையினின்று கால்வாய் வழியே வரும் நீரோடு கலந்து வயலிற் பாயும். எண்ணெய் நீர்மேற் படலமாகப் பரந்து காற்றை மறிக்கும். அதிலுள்ள உலோகத் துகள்களும் நஞ்சும் மண்ணிற் படியும். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயையும் தம்முள் அடக்கியுள்ளன. பொதுப் பட்டறையில் ஒரே பீப்பாயில் அதனைச் சேர்த்து, உரிமம் பெற்று மறுபடி சுத்திகரிப்போரிடம் ஒப்படைத்தல் எளிது. தனித்தனியே செய்யும்போது குற்றமாக முடிவது, கூடிச் செய்யும்போது ஒழுங்காக முடிகின்றது.

தன் பொருளைத் தானே பழுது பார்க்கும் உரிமை இன்று சட்டத்தின் கவனத்தையும் பெற்றுள்ளது. அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து மக்கள் 2012-ஆம் ஆண்டு நவம்பரில், கார் செய்வோர் தம் பழுது பார்க்கும் விவரங்களைப் பிறர்க்கும் அளித்தல் வேண்டும் என்று வாக்களித்தனர். நம் இந்திய அரசினர் 2022-ஆம் ஆண்டு ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்து, அதன் ஆராய்ச்சிக்குரிய துறைகளுள் மோட்டார் வண்டியையும் சேர்த்தனர். ஆனால் பழுது நீக்குதல் வேறு, உருமாற்றுதல் வேறு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பினின்று வண்டியை மாற்றியமைத்தல் பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. புதிய வண்டியாயின், உத்தரவாத நிபந்தனைகளைப் படித்துப் பார்த்த பின்னரே திருப்புளியைக் கையில் எடுத்தல் நலம்.

இத்தகைய பட்டறைகள் எல்லாம் வெற்றி பெற்றன என்று யான் கூறவில்லை. 2006-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றிய டெக்ஷாப் என்னும் நிறுவனம், சந்தா செலுத்துவோர் யாவரும் வந்து பயன்படுத்தும் பெரிய பட்டறைகளைப் பல நகரங்களில் நிறுவிற்று. செலவைத் தாங்க இயலாமல் 2017-இல் அவையனைத்தும் மூடப்பட்டன. இதற்கு மாறாக, மகாராஷ்டிரத்தில் புனாவுக்கு அருகிலுள்ள பாபல் என்னும் சிற்றூரில் டாக்டர் கல்பாக் 1983-இல் தொடங்கிய விஞ்ஞான ஆசிரமம், கிராமத்து இளைஞர்க்குக் கைத்தொழில்வழிக் கல்வி அளித்து நிலைபெற்றது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தார் தம் நாட்டுக்கு வெளியே அமைத்த பொதுப் பட்டறைகளுள் முற்பட்டது 2002-இல் அங்கேதான் தோன்றியது. கல்வியோடு இணைந்த பட்டறை நிலைக்கும். வாடகையை மட்டுமே நம்பிய பட்டறை தளரும் என்பது இவ்விரண்டினின்றும் யான் கொள்ளும் பாடம். நாகர்கோவிலை அடுத்த கோணத்தில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. இத்தகைய நிலையங்களின் பட்டறை ஒன்றை விடுமுறை நாள்களில் சிறு கட்டணத்துடன், ஆசிரியர் மேற்பார்வையில், பொதுமக்களுக்குத் திறந்துவிடலாகாதா? நம் கல்லூரி மாணவரும் பௌதிக வகுப்பிற் படித்ததை அங்கே கையால் தொட்டு அறியலாகாதா?

இதனால் மெக்கானிக்குகளின் பிழைப்புக் கெடும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. பொதுப் பட்டறைக்கும் வல்லுநர் ஒருவர் இன்றியமையாதவர். அவர்க்குத் தக்க ஊதியம் அளித்தல் கடமை. அன்றியும், எண்ணெய் மாற்றக் கற்றவன் கியர்ப்பெட்டியைப் பிரிக்கப் புகான். அதன் அருமையை உணர்ந்து, அறிந்தவரிடம் கொண்டு செல்வான். தான் அரைநாள் முயன்றும் கழலாத துருப்பிடித்த போல்ட்டை ஒருவர் கால்மணியில் கழற்றக் கண்டவன், அவர் கேட்கும் கூலியில் பேரம் பேச நாணுவான். கையில் கரிபடிந்தோரைத் தாழ்வாக நோக்கும் நம் சமூகத்தின் பழங்குறையும் அவ்வளவுக்குக் குறையும்.

அன்று ரேடியேட்டரை மாற்றவேண்டும் என்று கூறியவர் என்னை ஏமாற்றினாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஏமாற்றாதவரையும் ஐயுறும்படி செய்தது என் அறியாமையே. அதன்பின், எங்கள் தெருவிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்று, அவர் அருகில் நின்று சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டேன். இப்போதும் பெரிய பழுது நேர்ந்தால் வண்டியை அவரிடமே விடுகின்றேன். ஆனால் அவர் ஒன்று கூறும்போது யான் வினாவுகிறேன். அவரும் கழற்றிய உறுப்பைக் கையில் கொடுத்து, தேய்ந்த இடத்தைச் சுட்டிக் காட்டுகிறார். எனக்கு வாய்த்த அம்முதியவரைப் போல் ஒருவர் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அக்குறையை நிரப்பவே பொதுப் பட்டறை வேண்டும் என்கின்றேன். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல், கருவியையும் இடத்தையும் அறிவையும் நாம் பொதுவாக்கிக்கொள்வோமாயின், வழியில் நின்ற வண்டியின் முன்னே கைகட்டி நிற்கும் நிலை நம் மாணவர்க்கு நேராது.